மத்தியானம் சிவக்கும் குளம்

ஓலைத்தொடுவாயில் ஒரு கழுதை இருந்தது. மன்னாரில் கழுதை இருப்பது ஒரு புதினமா என்று கேட்காதீர்கள். மன்னார்த் தீவில் மனிதர்கள் போகிற எல்லா இடங்களுக்கும் கழுதைகளும் போகும். ஆனால் இந்தக் கழுதை தினமும் காலையில் பஸ் தரிப்பிடத்துக்கு வரும். பஸ் வரும்வரை காத்து நிற்கும். எல்லோரும் ஏறிய பிறகுதான் அங்கிருந்து நகரும். அதனால் பிள்ளைகள் அதற்குக் கொண்டக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கொண்டக்டர் இந்தக் கதையில் இரண்டு வேலைகள் செய்யப்போகிறார். ஒன்று மிகவும் நல்ல வேலை. மற்றதைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம்.

கதை றொசானாவைப் பற்றியது. அவள் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடமாட்டாள். "இவளிட்ட ஒரு கேள்வியைக் குடுத்தால் சோறு தண்ணி தேவையில்லை" என்று அவள் அம்மா சொல்வார்.

அன்று புதன்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது குளத்தடியில் கூட்டம் நின்றது. ஒரு பக்கம் ஆட்கள், மறுபக்கம் ஆடுகள். றொசானா புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இடுக்குக்குள் புகுந்து எட்டிப் பார்த்தாள்.

குளம் சிவப்பாக இருந்தது.

பெரிய குளம் இல்லை அது. மாரியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். இப்போது கோடை, முழங்காலளவுதான். ஆடுகள் குடிக்கும், பெண்கள் உடுப்புத் தோய்ப்பார்கள். சில நாட்களாக மத்தியானத்தில் லேசாகச் சிவந்துவந்த அந்தத் தண்ணீரின் மேல், இன்று யாரோ சிவப்புச் சீலையை விரித்துவிட்டது போல் இருந்தது.

"சாயம்!" என்றார் டொமினிக் மாமா. "வேற என்ன?"

டொமினிக் மாமா ஊர்ச் சங்கத்தின் தலைவர். அவருடைய ஆடுகள்தான் அங்கே நின்றன. அவை தண்ணீருக்குப் பக்கத்தில் போய் மூக்கை நீட்டுவதும் பின்வாங்குவதுமாக இருந்தன. சில நாட்களாக அவை குளத்தில் வாய்வைக்கவில்லை. வீட்டிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து டொமினிக் மாமாவுக்கு இடுப்பு முறிந்துபோயிருந்தது. அந்தக் கோபம் குரலில் தெரிந்தது.

சாயம் என்றதும் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். குளத்துக்கு மேலே, மணல் மேட்டில் இருந்தது றொசானாவின் வீடு. முற்றத்துக் கயிற்றில் சிவப்பு ஓலைகள் காய்ந்துகொண்டிருந்தன.

றொசானாவின் அம்மா பெற்றிசியா ஓலைப்பெட்டி இழைப்பவர். பனங்குருத்தோலையைக் காயவைத்து, சீரான கீற்றுகளாக வார்ந்து, பெரிய பானையில் சாயத்தைக் கொதிக்கவிட்டு அதில் போட்டு எடுப்பார். அவர் போடும் சிவப்பைப் போல் வேறு யாருக்கும் வராது. ஆடி மாதத் திருவிழாவுக்கு மடு மாதா கோவிலுக்குப் போகும் சனங்கள் அந்தச் சிவப்புப் பெட்டிகளைத் தேடி வாங்குவார்கள். அப்பா வெளிநாட்டில், கட்டாரில் வேலை செய்தார். இங்கே அம்மாவும் பெட்டிகளும்தான். வருடம் முழுவதும் அம்மா காத்திருப்பது இந்தத் திருவிழா நாட்களுக்காகத்தான்.

"நான் பாத்தனான்," என்றார் டொமினிக் மாமா. "காலமை குளம் பச்சையா இருக்கும். பெற்றிசியா அடுப்பு மூட்டிச் சாயம் காய்ச்சுவா. மத்தியானம் குளம் சிவக்கும். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அம்மாவும் அங்கே வந்திருந்தார். கையில் சாயக் கறை.

"அண்ணை, மிச்சத் தண்ணியை நான் வீட்டுக்குப் பின்னால வெட்டின கிடங்கிலதான் ஊத்துறனான். அது எப்பிடிக் குளத்துக்கு வரும்?"

"இது மணல் பூமி தங்கச்சி. ஊறி வரும்."

அம்மா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மணலில் தண்ணீர் ஊறும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய எல்லாரும் இதில கூடுவம்," என்றார் டொமினிக் மாமா. "மன்னார் ரவுணில இருந்து ஆக்களைக் கூப்பிட்டுத் தண்ணியைச் சோதிப்பம். அவையள் முடிவு சொல்லுமட்டும் சாயப்பானையை மூடித்தான் வைக்கவேணும் எண்டு சங்கத்தில சொல்லப்போறன்."

"அண்ணை, அதுக்குள்ள திருவிழா முடிஞ்சிடும்."

"நான் என்ன செய்ய? ஆடுகள் செத்துப்போனால் ஆர் பொறுப்பு?"

அம்மா மேட்டில் ஏறிப் போனார். றொசானா பின்னால் ஓடினாள். வீட்டுக்குப் போனதும் அம்மா அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தார். சாயப்பானையின் மேல் மூடியை வைத்தார். அந்த மூடி விழுந்த சத்தம் றொசானாவுக்குப் பிடிக்கவே இல்லை.

"அம்மா, உண்மையிலேயே எங்கட சாயமா இருக்குமோ?"

அம்மா தன் கையிலிருந்த கறையைப் பார்த்தார். "தெரியேல்ல பிள்ளை."

"இல்லை" என்று அம்மா சொல்லியிருந்தால் றொசானா கோபப்பட்டு, ஊரைத் திட்டிவிட்டு விளையாடப் போயிருப்பாள். "ஓம்" என்றிருந்தால் அழுதிருப்பாள். "தெரியேல்ல" என்ற சொல்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. தெரியாது என்றால் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் சாயமே என்றாலும் அதையும் கண்டுபிடிக்க வேண்டும். அவள் அப்போதே முடிவெடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை அம்மா அடுப்பு மூட்டவில்லை. ஆனாலும் மத்தியானம் குளம் சிவந்துதான் இருந்தது.

றொசானா நேராக டொமினிக் மாமாவிடம் போனாள். அவர் ஆட்டுப்பட்டி வேலியைக் கட்டிக்கொண்டிருந்தார். பட்டி குளக்கரையிலேயே இருந்தது.

"மாமா, இண்டைக்கு அம்மா சாயம் காய்ச்சேல்ல. ஆனா குளம் சிவந்திட்டுது."

"கிடங்கில ஏற்கெனவே ஊத்தினது ஊறிக்கொண்டுதான் பிள்ளை இருக்கும். போ, போய்ப் படி."

படிக்கத்தான் போனாள். ஆனால் போகும் வழியில் ஒரு ஜாம் போத்தலில் குளத்துத் தண்ணீரை, அந்தச் சிவப்புப் படையோடு சேர்த்து அள்ளிக்கொண்டாள். மூடியை இறுக்கித் துணியில் சுற்றிப் புத்தகப் பைக்குள் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விஞ்ஞான பாடம் இருந்தது. நிவேதிகா ரீச்சர் உயிலங்குளத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். வகுப்புக்குள் நுழைந்ததும் றொசானா எழுந்து நின்றாள்.

"ரீச்சர், எங்கட குளத்துச் சிவப்புத் தண்ணி கொண்டு வந்திருக்கிறன். அதுக்குள்ள என்ன இருக்குதெண்டு பாக்கவேணும்."

துணியை அவிழ்த்துப் போத்தலை உயர்த்திப் பிடித்தாள்.

தண்ணீர் பச்சையாக இருந்தது. அசல் பச்சை.

வகுப்பே சிரித்தது. "நிறம் தெரியாத பிள்ளைக்குச் சாயப்பானை!" என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. றொசானாவுக்குக் காது சூடாகியது. டிலோஜன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் டொமினிக் மாமாவின் மகன். றொசானாவின் நல்ல நண்பன். ஆனால் புதன்கிழமையிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, பஸ்ஸில் வேறு இருக்கையில் இருந்தான்.

"நான் பொய் சொல்லேல்ல ரீச்சர்," என்றாள் றொசானா. "நேற்று அள்ளேக்க சிவப்பு."

"பொய் எண்டு ஆர் சொன்னது?" என்றார் ரீச்சர். "இடைவேளைக்கு வாங்கோ. சின்னதைப் பெருசாக் காட்டுற நுணுக்குக்காட்டியை எடுத்துத் தாறன். நீங்களே பாருங்கோ."

இடைவேளையில் றொசானா போனபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. டிலோஜன்.

"நானும் பாக்கலாமோ?" என்றான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"பாக்கலாம். போத்தலைப் பிடி."

நுணுக்குக்காட்டியில் பார்ப்பது நீங்கள் நினைக்கிற மாதிரிச் சுலபமான வேலை இல்லை. முதலில் றொசானா பெரிய கறுப்பு வட்டம் ஒன்றைக் கண்டாள்.

"கண்டுபிடிச்சிட்டன்! உருண்டையா இருக்குது!"

"அது காற்றுக் குமிழ்," என்றார் ரீச்சர்.

துளியைத் துடைத்துவிட்டு வேறொரு துளி வைத்தாள். இப்போது தடித்த கறுப்புக் கம்பிகள் வரிசையாகத் தெரிந்தன. கண்ணைச் சிமிட்டினால் அவையும் சிமிட்டின. அவை அவளுடைய கண் இமை மயிர்கள். அடுத்த துளியில் ஒன்றுமே தெரியவில்லை.

"மணி அடிக்கப்போகுது," என்றான் டிலோஜன்.

"அடிக்கட்டும்."

மறுபடியும் ஒரு துளி. மெதுவாக, மிக மெதுவாகத் திருகாணியைத் திருப்பினாள். மங்கலாக இருந்தது திடீரென்று தெளிந்தது. றொசானா மூச்சை அடக்கிக்கொண்டாள்.

துளி முழுவதும் உயிர்கள்! பனம் பாளையைப் போல நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கிய பச்சை உடம்புகள். சில சுருண்டு உருண்டையாகக் கிடந்தன. சில உருண்டு உருண்டு நீந்தின. கண்ணாடியைச் சற்றுத் திருப்பி வெளிச்சத்தைக் குறைத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நீந்துகிற ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும் சிலந்தி நூலிலும் மெல்லிய ஒரு நூல். அதைச் சவுக்கைப் போல வீசி வீசி, அந்த வேகத்தில் தானும் சுழன்று அவை முன்னே போயின.

"சவுக்கு வைச்சிருக்குதுகள்!" என்று கத்தினாள்.

ரீச்சர் குனிந்து பார்த்தார். "ஓம். அதுக்குச் சவுக்குமுளை எண்டு பேர். இதுகளுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. எங்கட உடம்பில கோடிக்கணக்கில கலம் இருக்குது, இதுகளுக்கு முழு உடம்பும் ஒரேயொரு கலம்தான். யூக்ளீனா மாதிரித் தெரியுது. பொதுவா இதுக்கு ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி இருக்கும். வெளிச்சம் எந்தப் பக்கம் எண்டு அறிய."

"ஒரு புள்ளி இல்லை ரீச்சர். நடுவில கனக்கச் சிவப்பு மணிகள் குவிஞ்சு கிடக்குது. வடிவாப் பாருங்கோ."

ரீச்சர் மறுபடி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"உண்மைதான். அது ஏன் எண்டு எனக்குத் தெரியேல்ல றொசானா. நான் தேடிப் பாக்கிறன். நீங்களும் பாருங்கோ. ஒண்டு மட்டும் தெரியும். தண்ணி வத்தி, வெயிலும் கூடி, சாணி, புழுக்கை எண்டு எருவும் நிறையச் சேர்ந்தால்தான் இதுகள் இப்பிடிப் பெருகும். தண்ணி தெளியுமட்டும் ஆடு மாட்டுக்குக் குடுக்காமல் விடுறது நல்லது."

எரு என்றதும் டிலோஜன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பஸ்ஸில் அவன் பழைய இடத்தில், றொசானாவின் பக்கத்தில் வந்து இருந்தான்.

"பச்சைப் பூச்சி இருக்குது. சரி," என்றான். "ஆனா குளம் சிவப்பு. அப்பா ஒத்துக்கொள்ளமாட்டார்."

"எனக்கும் அதுதான் விளங்கேல்ல. நேற்றுச் சிவப்பை அள்ளினன். பையுக்குள்ள வைக்க, பச்சையா மாறிட்டுது."

"பையுக்குள்ள அப்பிடி என்ன இருக்குது?"

"கணக்குப் புத்தகம்."

"அதைக் கண்டால் எனக்கும் முகம் மாறும்தான்."

புதன்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக இருவரும் சிரித்தார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கிக் குளத்தடிக்கு வந்தார்கள். மத்தியான வெயில் தலையைப் பிளந்தது. குளம் செக்கச்செவேல் என்று கிடந்தது. கொண்டக்டர் கரையோரத் தண்ணீரில் நாலு காலையும் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உடம்பைக் குளிரவைத்துக்கொண்டிருந்தார். குடிக்கவில்லை. அவ்வளவு புத்தி அவருக்கு இருந்தது.

"அங்க பார்!" றொசானா டிலோஜனின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"என்ன, கழுதைதானே?"

"கழுதையை விடு. வயித்துக்குக் கீழ பார்."

டிலோஜன் குனிந்து பார்த்தான். சுற்றிவரச் சிவப்பு. கொண்டக்டரின் வயிற்றுக்குக் கீழே, நிழல் விழுந்த இடத்தில் மட்டும் பச்சை! வயிற்றளவு அகலத்தில், ஒரு பச்சைப் பாய்.

மனிதர்கள் தன் வயிற்றை உற்றுப் பார்ப்பது கொண்டக்டருக்குப் பிடிக்கவில்லைபோலும். காதை ஆட்டிவிட்டுக் கரையேறிப் போனார். பச்சைத் திட்டின்மேல் வெயில் விழுந்தது. இருவரும் குந்தியிருந்து பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை மங்கியது. பிறகு செம்மண் நிறம் வந்தது. பிறகு அந்தத் திட்டைக் காணவில்லை. எங்கும் ஒரே சிவப்பு.

றொசானா துள்ளி எழுந்தாள். "அந்த மணிகள்! நிழலில இருக்கேக்க சிவப்பு மணியெல்லாம் நடுவில குவிஞ்சு கிடக்குது. அதால பச்சை தெரியுது. வெயில் பட்டால் அதுகள் உடம்பு முழுக்கப் பரவுது. நாங்கள் வெயிலுக்குக் குடை விரிக்கிறம் இல்லையா, அது மாதிரி! காலமை வெயில் இல்லை, பச்சை. மத்தியானம் வெயில், சிவப்பு. அம்மாவின்ர அடுப்புக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை!"

"உண்மையாவோ?"

"நான் நினைக்கிறன். சோதிச்சுப் பாக்கவேணும்."

சனிக்கிழமை காலையிலேயே அவள் போத்தல்களோடு திரிந்தாள். இரண்டில் குளத்துத் தண்ணீர், இரண்டில் அம்மாவின் சாயத் தண்ணீர். ஒவ்வொரு வகையிலும் ஒன்றை வெயிலில் வைத்தாள், மற்றதை அலுமாரிக்குள் வைத்துக் கதவை மூடினாள். மத்தியானம் அலுமாரியைத் திறந்தாள். குளத்துத் தண்ணீர் பச்சையாகவே இருந்தது. வெயிலில் வைத்ததோ சிவந்திருந்தது. சாயத் தண்ணீர் இரண்டு இடத்திலும் ஒரே சிவப்பு.

பார்த்துக்கொண்டிருந்த அம்மா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்ப எங்கட சாயம் இல்லை," என்று மெதுவாகச் சொன்னார். மூன்று நாட்களாக அவர் அதை மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது றொசானாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஓடிப்போய் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ஆனால் போத்தல்களைப் பார்க்க வந்திருந்த டிலோஜன் இல்லை என்று தலையை ஆட்டினான். "போத்தலைக் காட்டினால் ஊர் நம்பாது. உள்ளுக்கு என்ன கலந்தனி எண்டு கேப்பினம்."

"அப்ப குளத்தையே காட்டுவம்," என்றாள் றொசானா.

ஞாயிறு காலையில், பூசைக்கு முன்னரே இருவரும் குளத்தடிக்குப் போனார்கள். குளம் பச்சையாக இருந்தது. கரையோரத் தண்ணீரில் நான்கு தடிகளை ஊன்றினார்கள். அம்மா கொடுத்த ஓலைப்பாயைத் தண்ணீரில் படாமல், பந்தல்போல அந்தத் தடிகளில் கட்டினார்கள். பாய்க்குக் கீழே ஒரு கல்லின்மேல் சாயத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றையும் றொசானா வைத்தாள்.

அவர்கள் கோவிலுக்குப் போன பிறகு, கொண்டக்டர் தன் இரண்டாவது வேலையைச் செய்தார்.

பூசை முடிந்து சனங்கள் குளத்தடிக்கு வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. றொசானா எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பாயில் ஒரு பக்கத்தைக் காணவில்லை. கொண்டக்டர் பக்கத்தில் நின்று வாயை அசைத்துக்கொண்டிருந்தார். வாயோரத்தில் ஓர் ஓலைத் துண்டு தொங்கியது.

"அறுந்த கழுதை!" என்று பல்லைக் கடித்தான் டிலோஜன். "எல்லாம் போச்சு."

றொசானா பந்தலடிக்குப் போனாள். தடிகளைத் தொட்டுப் பார்த்தாள். மிச்சப் பாய் இன்னும் தடிகளில் இருந்தது. குனிந்து அதன் கீழே பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஒண்டும் போகேல்ல," என்றாள். "வாங்கோ, எல்லாரும் கிட்ட வாங்கோ!"

"என்ன பிள்ளை இது? குளத்துக்குப் பந்தல் போட்டிருக்கிறாய்?" என்றார் டொமினிக் மாமா.

"மாமா, இண்டைக்குக் காலமை குளம் முழுக்கப் பச்சை. நீங்களே சொன்னனீங்கள், காலமை பச்சைதான் எண்டு. இப்ப குளம் சிவப்பு. ஆனா பாய்க்குக் கீழ என்ன நிறம் எண்டு பாருங்கோ."

அவளும் டிலோஜனும் தடிகளோடு பாயைத் தூக்கினார்கள்.

சிவப்புத் தண்ணீரின் நடுவே ஒரு பச்சைப் பாய் கிடந்தது. ஒரு பக்கம் நேராக, மறுபக்கம் கழுதை கடித்த அதே வளைவுகளோடு! கொண்டக்டரின் பல் பட்ட இடங்கள்கூடத் தண்ணீரில் தெரிந்தன. யாரோ ஒரு பெண் "ஐயோ மாதாவே!" என்றார். பிறகு எல்லோரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள்.

டொமினிக் மாமா சிரிக்கவில்லை. "பாய் சாயத்தை மறிச்சிருக்கும்," என்றார்.

"பாய் தண்ணியில படவே இல்லை மாமா. வெயிலைத்தான் மறிச்சது. கொஞ்சம் பொறுங்கோ."

"எவ்வளவு நேரம் பொறுக்கிறது?"

"கொஞ்ச நேரம். தயவுசெய்து."

வெயில் சுட்டது. சிலர் குடையை விரித்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். "வீட்டில கறி அடுப்பில" என்று ஒருவர் புறப்பட்டார். றொசானா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கண்ணை எடுக்காமல் அந்தப் பச்சைத் திட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார். அவள் தலைக்குமேல் கையால் நிழல் பிடித்தார்.

"மாறுது!" என்று ஒரு சின்னப் பிள்ளை கத்தியது.

மாறத்தான் செய்தது. பச்சை மங்கி, செம்மண் நிறமாகி, எல்லோருடைய கண்முன்னாலும் சிவந்தது. கறி அடுப்பில் என்றவரும் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்.

றொசானா கல்லின்மேலிருந்த போத்தலை எடுத்து நீட்டினாள். "இதுதான் அம்மாவின்ர சாயம். இதுவும் காலமையில இருந்து நிழலுக்குள்ளதான் இருந்தது. பச்சையா மாறேல்ல. சாயத்துக்கு வெயில் எது நிழல் எது எண்டு தெரியாது. குளத்தில இருக்கிறதுக்குத் தெரியும். ஏனெண்டால் அதுக்கு உயிர் இருக்குது. கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர். சவுக்கு மாதிரி ஒரு நூலை வீசி வீசி நீந்தும். நானும் டிலோஜனும் நுணுக்குக்காட்டியில பாத்தனாங்கள்."

"ஓம் அப்பா," என்றான் டிலோஜன். "நான் என்ர கண்ணால பாத்தனான்."

போத்தல் கைக்குக் கை மாறியது. பிறகு கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார். "சரி பிள்ளை. இந்த வருசம் மட்டும் ஏன் இவ்வளவு பெருகினது?"

றொசானா வாயைத் திறந்தாள். கரையில் ஆட்டுப்பட்டி நின்றது. அதிலிருந்து குளம்வரை புழுக்கை உருண்டு கிடந்தது. எல்லாம் கண்முன்னாலேயே இருந்தது. ஒரு விரலை நீட்டினால் போதும். அடுத்த நிமிடம் ஊர் முழுக்க அந்தப் பக்கம் திரும்பும். புதன்கிழமை அவள் வீட்டுப் பக்கம் திரும்பியதைப் போல.

டிலோஜன் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

றொசானா விரலை நீட்டவில்லை.

"ரீச்சர் சொன்னவ, தண்ணி வத்திக் கழிவு சேர்ந்தால் பெருகுமாம்," என்றாள். "உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம், குப்பை, எரு, எல்லாம்தான். நாங்கள் எல்லாரும் குளத்துக்குள்ள போடுறதுதானே. எங்கட சாயக் கிடங்கையும் இன்னும் தள்ளி வெட்டப்போறம். என்னம்மா?"

"ஓம்," என்றார் அம்மா. "தள்ளித்தான் வெட்டவேணும்."

டொமினிக் மாமா பட்டியைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். பிறகு றொசானாவைப் பார்த்தார். அவள் எதைச் சொல்லாமல் விட்டாள் என்பது அவருக்கு விளங்காமல் இல்லை. அவர் தொண்டையைச் செருமினார்.

"எருவெண்டால், என்ர பட்டிதான் குளத்துக்குக் கிட்ட நிக்குது," என்றார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "அதை நாளைக்கே மேட்டுக்கு மாத்திறன். பெற்றிசியா, நான் அவசரப்பட்டு உன்னில பழியைப் போட்டிட்டன். அது பிழை. நீ போய் அடுப்பை மூட்டு தங்கச்சி."

அம்மா தலையை ஆட்டினார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் கடுமைதான். ஆனால் அது வியர்வை மட்டும் இல்லை என்பது றொசானாவுக்குத் தெரியும்.

அன்று பின்னேரமே சாயப்பானையின் மூடி திறந்தது. மறுநாள் டொமினிக் மாமாவும் டிலோஜனும் பட்டி வேலியைக் கழற்றிச் சுமந்துகொண்டு போனார்கள். போகிற வழியில் டொமினிக் மாமா றொசானாவின் வீட்டு வாசலில் நின்றார்.

"பிள்ளை, பட்டியை எந்த இடத்தில போடுறதெண்டு நுணுக்குக்காட்டியில பாத்துச் சொல்லுறியோ?"

"அதுக்குச் சும்மா கண்ணே போதும் மாமா!"

மடுவுக்குப் போகும் பெட்டிகளை எல்லாம் முடித்த பிறகு, அம்மா இன்னும் ஒரு சின்னப் பெட்டி இழைத்தார். அது விற்பதற்கு இல்லை. வெளியே முழுக்கச் சிவப்பு. மூடியைத் திறந்தால் உள்ளே முழுக்கப் பச்சை. றொசானா அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"மூடினால் மத்தியானம், திறந்தால் காலமை!" என்றான் டிலோஜன்.

பஸ் தரிப்பிடத்தில் றொசானா அந்தப் பெட்டியை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தபோது, தோளுக்குப் பின்னால் சூடான மூச்சு ஒன்று பட்டது. நீண்ட மூக்கு ஒன்று பெட்டியை முகர்ந்து பார்த்தது.

றொசானா பெட்டியைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"கொண்டக்டர், நீர் பாய் திண்டதே போதும்!"